காசு கட்டியவருக்குக் கறுப்புத் திரை: உங்கள் அனுபவம் என்ன?

நங்கநல்லூர் உறுப்பினர்:
இணையத்தில் படம் காட்டும் தளங்களுக்குச் சந்தா கட்டியும் படம் ஓடாமல் தவித்தவர்கள் இங்கே எழுதுங்கள். என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ் இயங்குதளம் மட்டும்தான். முதன்முதலில் நான் சேர்ந்த தளம் சில்வர்லைட் வேண்டும் என்றது. மைக்ரோசாஃப்ட் 2007-இல் கொண்டுவந்த செருகுநிரல் அது, அதாவது உலாவியோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல். விண்டோஸுக்கும் மேக்குக்கும் தந்தார்கள், லினக்ஸுக்குத் தரவில்லை. மூன்லைட் என்று ஒரு மாற்று இருந்தது. ஆனால் நகலெடுக்காமல் தடுக்கப் படத்துக்குப் போடும் மின்னணுப் பூட்டைத் திறக்கும் வசதி அதில் கிடையாது.

பிறகு 2015-இல் குரோம் பழைய வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டது. ஃப்ளாஷ் என்ற இன்னொரு செருகுநிரலும் 2020 டிசம்பரோடு முடிந்தது. செருகுநிரல்தான் போயிற்றே தவிர, பூட்டு அப்படியே இருக்கிறது! 2017-இல் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி, பூட்டிய படத்தைச் செருகுநிரல் இல்லாமல் உலாவியிலேயே ஓட்டும் இஎம்இ என்ற ஏற்பாட்டுக்கு முத்திரை குத்தியது. அதை எதிர்த்து இஎஃப்எஃப் என்ற உரிமை அமைப்பு டபிள்யூ3சியிலிருந்தே விலகியது. முன்பு தொல்லைக்கு ஒரு பெயர் இருந்தது, வேண்டாம் என்றால் நீக்கிவிடலாம். இப்போது அந்தப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் என்ற கூகுளின் மூடிய நிரல் உலாவிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. குரோமின் திறந்த மூல வடிவமான என் குரோமியத்தில் அது இல்லை, படமும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் அனுமதி கேட்டு அதைத் தரவிறக்கியது; படம் ஓடியது, ஆனால் மங்கலாக.

பெரம்பூர் உறுப்பினர்:
உங்களுக்காவது மங்கலாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உறவினர்கள் எல்லாரும் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, பழைய புரொஜெக்டரில் வசனம் மட்டும் கேட்டது, திரை கறுப்பு. கம்பி கோளாறு என்று நினைத்து மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கம்பியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எச்டிஎம்ஐ இணைப்பைப் பழைய விஜிஏ இணைப்பாக மாற்றும் பெட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்தார். இன்டெல் உருவாக்கிய எச்டிசிபி என்ற காவலாம் அது. படத்தை அனுப்பும் கருவி, மறுமுனையில் இருப்பதிடம் சாவி கேட்கும். என் மலிவுப் பெட்டியிடம் சாவி இல்லை. மடிக்கணினியின் சொந்தத் திரையில் அதே படம் பளிச்சென்று ஓடுகிறது என்பதுதான் எரிச்சல். இதில் வேடிக்கை, அந்தக் காவலின் மூலச்சாவி 2010-லேயே வெளியே கசிந்துவிட்டது. இன்டெல்லே அதை ஒப்புக்கொண்டது. வாசற்கதவில் விருந்தாளியைச் சோதனை போட்டுவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து போட்டிருக்கிறார்கள்.

சாலிகிராமம் உறுப்பினர்:
நான் படத்தொகுப்புக் கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பல பேர் மாதக்கணக்கில் உழைத்த படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதியாக வருவதைப் பார்த்து வயிறு எரிந்தவன். பூட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவு வந்தது. பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அபராதமும் உண்டு.

நங்கநல்லூர் உறுப்பினர்:
உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம்தான், ஐயா. ஆனால் அந்தப் பிரிவை முழுதாகப் படியுங்கள்: உரிமையை மீறும் நோக்கத்துடன் உடைப்பவரைத்தான் அது தண்டிக்கிறது. அதோடு, திருட்டுப் பிரதி பார்ப்பவர் எந்தப் பூட்டையும் சந்திப்பதில்லை. எங்கோ ஒருவர் உடைத்தால் போதும், மற்ற எல்லாருக்கும் பூட்டில்லாத கோப்பு போய்விடுகிறது. வைட்வைனோடும் எச்டிசிபியோடும் மல்லுக்கட்டுவது சந்தாதாரர் மட்டுமே. பணம் வாங்கும்போது என் கணினியில் என்ன தரத்தில் ஓடும் என்று சொல்வதற்கு என்ன தடை?

வேளச்சேரி உறுப்பினர்:
போனிலும் இதே கதைதான். அண்ணன் மகன் வாங்கிய போனின் திரை முழு எச்டி, ஆனால் படம் 480பி என்ற குறைந்த தரத்தைத் தாண்டவில்லை. வைட்வைனில் எல்1, எல்3 என்று பாதுகாப்பு நிலைகள் இருக்கின்றன; எல்1 உயர்ந்தது, எல்3 தாழ்ந்தது. எல்3 மட்டும் உள்ள போனுக்குப் பெரும்பாலான தளங்கள் உயர்தரத்தைக் கொடுப்பதில்லை. பெட்டியின் மேல் இதை யாரும் அச்சிடுவதில்லை. நிலையைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எல்1 இருந்தும் எச்டி வராதவர்கள் யாராவது இருந்தால் எந்தத் தளம், எந்த மாடல் என்று எழுதுங்கள்.