யின்-யாங் என்றால் பாதிக்குப் பாதியா? லைஃப் கோச்சுகளுக்கு ஒரு கேள்வி

கறார்க்கணக்கு:
பக்கத்து இழையில் சமநிலைச்சாரல் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கேயே பதில் போட்டால் "புதியவர்களை விரட்டாதீர்கள்" என்று பஞ்சாயத்து வரும், அதனால் தனி இழை. பழைய சீனச் சிந்தனையின் யின் (இருள், ஓய்வு), யாங் (ஒளி, செயல்) இரண்டையும் வைத்து அவர் எழுதியது இது: "யின்-யாங் வட்டத்தைப் பாருங்கள். சரிபாதி கறுப்பு, சரிபாதி வெள்ளை. விழித்திருக்கும் நேரத்தையும் அப்படியே பிரியுங்கள். பாதி செயல், பாதி ஓய்வு. சமநிலை தானாக வரும். என் கோச்சிங் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது."

சரிபாதி என்று எந்த நூலில் இருக்கிறது? யி ஜிங் என்ற பழைய சீனக் குறிநூலில் ஆறு கோடு அடுக்கிய உருவங்கள் 64. முழுக்கோடு யாங், நடுவில் உடைந்த கோடு யின். அதில் 12 உருவங்களை எடுத்து வருடத்தின் 12 மாதங்களுக்கு வைத்தார்கள். இரவு மிக நீண்டிருக்கும் குளிர்கால மாதத்துக்கு அடியில் ஒரே ஒரு யாங், மேலே ஐந்து யின். பிறகு மாதத்துக்கு ஒன்றாக யாங் ஏறும். ஆறும் யாங் ஆனதும் அடியிலிருந்து யின் முளைக்கும். இந்தச் சுற்றில் மூன்றுக்கு மூன்று என்று சரிபாதி வருவது இரண்டே மாதம். மீதிப் பத்து மாதமும் ஏதோ ஒரு பக்கம் ஓங்கித்தான் இருக்கும். அதற்காக வருடத்துக்கு யாரும் கோச்சிங் எடுக்கச் சொல்லவில்லை.

பதில் வேண்டும். சுற்றிவளைக்காமல்.

சமநிலைச்சாரல்:
வணக்கம் கறார் சார். முதல் வரியிலேயே யாங் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அந்த வட்டத்தை அளந்து பார்த்திருக்கிறீர்களா? பெரிய வட்டத்தின் ஆரத்தில் பாதி ஆரம் கொண்ட இரண்டு அரைவட்டங்களைச் சேர்த்துத்தான் அந்த வளைவு வருகிறது. கறுப்பின் பரப்பும் வெள்ளையின் பரப்பும் ஒன்று. பள்ளிக்கூடக் கணக்கு. 2500 வருடத்துக்கு முன் சீன ஞானி லாவோட்சு வரைந்து காட்டியதை நீங்கள் கோடு எண்ணி மறுக்கப் பார்க்கிறீர்கள்.

மூன்றாம்பிறை:
லாவோட்சு வரைந்தாரா?! அவர் பெயரில் வரும் தாவோ தே ஜிங் நூலில் படமே கிடையாது அம்மணி. யின், யாங் இரண்டும் அந்த நூலில் வருவதே ஒரே ஓர் இடத்தில், 42ஆம் அத்தியாயத்தில். 11ஆம் நூற்றாண்டில் சீனத் தத்துவவாதி சோவ் துன்யி விளக்கம் எழுதிய படம்கூட இது இல்லை, அது மேலிருந்து கீழாக வட்டங்கள் அடுக்கிய படம். இரண்டு மீன் சுழல்கிற மாதிரி உள்ளது அதற்கும் பிந்திய மிங் அரச வம்சக் காலத்து நூல்களில்தான் பரவுகிறது. லாவோட்சு தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

கறார்க்கணக்கு:
பிறை, யார் வரைந்தால் என்ன, இழையைக் கடத்தாதீர்கள். கேள்வி சரிபாதி.

சாரல், பரப்பு சமம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தப் படம் சுழல்கிற படம். மையத்திலிருந்து விளிம்புக்கு ஒரு கோல் வைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். புள்ளிகளை விட்டுவிடுங்கள். கோலின் அடியில் கறுப்பும் வெள்ளையும் சரிபாதியாக விழுவது இரண்டே இடத்தில். மற்ற இடங்களில் ஒன்று கூடும், ஒன்று குறையும், சில இடத்தில் முழுக்க ஒரே நிறம். மொத்தத்தில் பாதி வருகிறது என்பதற்காக ஒவ்வொரு நாளும் பாதி வேண்டும் என்று எப்படிக் குதித்தீர்கள்?

பொடிநடை:
நடுவுல வர்றேன், அடிக்காதீங்க. வேலை வேலைன்னு ஓடி ஒருநாள் படுத்துட்டேன். அப்புறம் ஒரு கோச்கிட்ட போனேன். அவங்களும் யின்-யாங்னுதான் ஆரம்பிச்சாங்க. ஆனா நேரக்கணக்கே கேட்கல. எதை வலுக்கட்டாயமா தள்ளிட்டு இருக்கீங்க, எதை அதுபாட்டுக்கு நடக்க விடலாம், ரெண்டு பட்டியல் போடுங்கன்னாங்க. முதல் பட்டியல் பக்கம் பக்கமா போச்சு, ரெண்டாவதுல ஒரு வரிகூட வரல. அங்கதான் உறைச்சுது. எனக்கு அது உதவுச்சு. படத்துல கோல் வச்சு சுத்தறதால யாருக்கு என்ன லாபம்?

கறார்க்கணக்கு:
அவர் பாதி நேரம் ஓய்வு எடுக்கச் சொன்னாரா?

பொடிநடை:
இல்லையே, அதைத்தான சொல்றேன்.

கறார்க்கணக்கு:
அப்போது நீங்கள் என் கட்சி.

பொடிநடை:
நான் எந்தக் கட்சியும் இல்லைங்க.

இலவம்பஞ்சு:
கோல் சுற்றி முடித்தாகிவிட்டதா? சாரல் அம்மாவின் அதே பதிவில் இன்னொரு வரி இருந்ததே, யாரும் கண்ணில் படாத மாதிரி தாண்டிப் போகிறீர்கள். "பெண்கள் தங்கள் யின் இயல்புக்குத் திரும்பினால் குடும்பம் சமநிலைக்கு வரும்." அதாவது நாங்கள் விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் சமநிலை. கணவன் யாங், மனைவி யின், யாங் மேல், யின் கீழ் என்று அடுக்கு வைத்தது சீனாவின் ஹான் அரச வம்சக் காலத்தில். அக்கால அறிஞர் துங் சோங்ஷு பெயரில் வரும் நூலில் இருக்கிறது. தாவோ தே ஜிங்கில் 28ஆம் அத்தியாயம் ஆண் தன்மையை அறிந்து பெண் தன்மையைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது, அது ஆள்பவனுக்கும் சேர்த்துச் சொன்னது. இதைக் கோச்சிங்குக்கு வருகிற கணவன்மாரிடம் சொல்வீர்களா?

சமநிலைச்சாரல்:
இலவம்பஞ்சு, என் வரியைத் திரிக்காதீர்கள். யின் தாழ்வு என்று நான் எங்கும் எழுதவில்லை. இரண்டும் சமம். சரிபாதி. அதைத்தான் சொல்கிறேன், அதைத்தான் கறார் சார் மறுக்கிறார். அவரிடம் கேளுங்கள்.

கறார்க்கணக்கு:
என்ன சாமர்த்தியம்! மதிப்பில் சமம் வேறு, அளவில் சமம் வேறு. பெண்ணுரிமையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நேரக்கணக்கைக் கடத்திவிடலாம் என்று பார்க்கிறீர்கள். தியான இழையிலும் இதே வேலைதான். மூச்சுக் கணக்குக்கு ஆதாரம் கேட்டதும் "எல்லோருக்கும் அன்பு" என்று எழுதிவிட்டுக் காணாமல் போனீர்கள்.

நெடுஞ்சாலைநரி:
இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1947ல் டென்மார்க்கின் யானை விருது வாங்கியபோது தன் குலச்சின்னத்தில் இந்த யின்-யாங் வட்டத்தைத்தான் வைத்தார். எதிர்மறைகள் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்று லத்தீனில் வாசகமும் எழுதினார். நோபல் வாங்கிய மூளைக்குப் புரிந்தது இங்கே சிலருக்குப் புரியவில்லை.

கறார்க்கணக்கு:
போர் பாதி நாள் ஆய்வு, பாதி நாள் தூக்கம் என்றா எழுதி வைத்தார்? நிறைவு செய்வது என்றால் சரிபாதி என்று யார் சொன்னது? நரிக்கு எந்த இழையானாலும் ஒரு நோபல் கிடைத்துவிடுகிறது.

நெடுஞ்சாலைநரி:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தொடருங்கள்.

மூன்றாம்பிறை:
லாவோட்சு வரைந்தார் என்ற வரி இன்னும் திருத்தப்படவில்லை. நினைவூட்டல்.

சமநிலைச்சாரல்:
கறார் சார் யி ஜிங்கை இழுத்தார் அல்லவா, அதே யி ஜிங். 11ஆம் உருவம் எது தெரியுமா? மூன்று யாங், மூன்று யின். சரிபாதி. அதன் பெயரே அமைதி, செழிப்பு. பத்து மாதம் ஓங்கி இருப்பதைக் காட்டினார், சரிபாதி மாதத்துக்கு என்ன பெயர் என்று காட்டவில்லை. ஏன் மறைத்தார்?

கறார்க்கணக்கு:
இதற்குத்தான் காத்திருந்தேன். 11ஐப் பார்த்தவர் பக்கத்தைப் புரட்டி 12ஐப் பார்க்கவில்லையா? அதுவும் மூன்று யாங், மூன்று யின். உங்கள் சரிபாதிதான். அதன் பெயர் முடக்கம். அடைப்பு. ஒன்றும் ஒன்றோடும் பேசாத நிலை.

எண்ணிக்கை ஒன்றுதான், இடம்தான் வேறு. மூன்று யின் சேர்ந்தால் மண், மூன்று யாங் சேர்ந்தால் வானம். 11ல் மண் மேலே, வானம் கீழே. மண் இறங்கும், வானம் ஏறும், இரண்டும் சந்திக்கின்றன. 12ல் வானம் மேலே, மண் கீழே, ஆளுக்கொரு திசையில் விலகிப் போகின்றன. பாதி ஓய்வு, பாதி வேலை என்று கட்டம் போட்டு, ஓய்வில் வேலையை நினைத்துக்கொண்டும் வேலையில் படுக்கையை நினைத்துக்கொண்டும் இருக்கிறவன் எந்த உருவத்தில் உட்கார்ந்திருக்கிறான்? கணக்கில் சரிபாதிதானே?

இன்னும் வேண்டுமா? 63ஆம் உருவம். யாங், யின், யாங், யின் என்று அடியிலிருந்து உச்சிவரை ஒன்று மாற்றி ஒன்று, ஒவ்வொரு கோடும் அதற்குரிய இடத்தில். இதைவிடச் சுத்தமான சரிபாதி 64லும் இல்லை. அதற்கு நூல் சொல்லும் பலன், தொடக்கம் நன்று, முடிவில் குழப்பம்.

பொடிநடை:
இதைக் கோச்சிங்ல சொல்லிக் கொடுத்தா நல்லா இருக்குமே. இங்க சண்டைக்குத்தான் பயன்படுது.

சமநிலைச்சாரல்:
12ஐ நான் கற்பிப்பதில்லை. 11ஐத்தான் கற்பிக்கிறேன். 11 சரிபாதி. முடிந்தது.

கறார்க்கணக்கு:
12ம் சரிபாதி.

சமநிலைச்சாரல்:
11 சரிபாதி என்பதை ஒப்புக்கொண்டீர்களா இல்லையா?

கறார்க்கணக்கு:
பிடித்த வரியை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்வதுதான் உங்கள் தத்துவமா? ஹுவாங்டி நெய்ஜிங் எடுத்துப் பாருங்கள், பழைய மருத்துவ நூல். குளிர்காலத்தில் சீக்கிரம் படு, வெயில் வந்தபின் எழு. கோடையில் தாமதமாகப் படு, விடியலில் எழு. ஓய்வின் அளவு பருவத்தோடு மாறுகிறது. ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறாதா? பிள்ளை பெற்ற வீட்டுக்கும் ஓய்வுபெற்ற வீட்டுக்கும் ஒரே கட்டமா? எந்தச் சர்டிபிகேட் வகுப்பில் இது சொல்லிக் கொடுத்தார்கள்?

சமநிலைச்சாரல்:
ஆ, சர்டிபிகேட். வந்துவிட்டதா? முறையாகப் பயின்று, பயிற்சி மணிநேரம் முடித்துத்தான் வந்திருக்கிறேன். உங்கள் தகுதி என்ன, நூலகச் சீட்டா?

நெடுஞ்சாலைநரி:
லைஃப் கோச் என்று போட்டுக்கொள்ளப் பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி உரிமமே தேவையில்லை. சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பே 1995ல்தான் வந்தது. 2500 வருடப் பாரம்பரியமாம்.

சமநிலைச்சாரல்:
நரி, நீங்கள் நீல்ஸ் போரைக் கொண்டு வந்தபோது என் பக்கம் நின்றீர்கள்!

நெடுஞ்சாலைநரி:
போர் பக்கம் நின்றேன்.

இலவம்பஞ்சு:
என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. கணவன்மாரிடம் 28ஐச் சொல்வீர்களா மாட்டீர்களா? ஓர் ஆண் கோடு எண்ணும்போது மட்டும் உடனுக்குடன் பதில் வருகிறது.

கறார்க்கணக்கு:
நான் ஆண் என்று யார் சொன்னது?

இலவம்பஞ்சு:
"சார்" என்றபோது மறுக்கவில்லையே.

கறார்க்கணக்கு:
மறுப்பது என் வேலையில்லை. சரிபாதிக்கு வாருங்கள்.

மூன்றாம்பிறை:
லாவோட்சு.

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம், கடைசி எச்சரிக்கை. பெண்-யின் தொடர்பான பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்துகிறேன்.

இலவம்பஞ்சு:
அருமை. இவ்வளவு கூச்சலில் நகர்த்தக் கிடைத்தது என் பதிவு மட்டும்தானா? எந்த விதிப்படி என்று இங்கேயே எழுதுங்கள், தனிமடலில் வேண்டாம்.

கறார்க்கணக்கு:
எதை வேண்டுமானாலும் நகர்த்துங்கள், 12ஆம் உருவம் இங்கேயே இருக்கட்டும். சாரல், பச்சை விளக்கு எரிகிறது, உள்ளேதான் இருக்கிறீர்கள். 12 சரிபாதியா இல்லையா?