அலுவலகக் கணினிகளுக்கு ஆன்டிவைரஸ்: மைய நிர்வாகமா, தனித்தனி நிறுவலா?

கேள்வி

வணக்கம். மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். இருபதுக்கும் மேற்பட்ட கணினிகளில், வாங்கியபோது கடைக்காரர் நிறுவிக் கொடுத்த ஆன்டிவைரஸ்தான் தனித்தனி லைசென்ஸுடன் ஓடுகிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் காலாவதியாகிறது. கணக்கு மென்பொருளான டேலி மெதுவாகத் திறக்கிறது என்று ஊழியர்கள் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு, மீண்டும் இயக்க மறந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்களோ நாள்தோறும் வருகின்றன. எல்லாக் கணினிகளின் ஆன்டிவைரஸையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் மைய நிர்வாகத்துக்கு மாறினால் செலவுக்கேற்ற பயன் இருக்குமா?

பதில் 1

ஐயா, வைரஸைக் கண்டறியும் திறன் இதனால் பெரிதாகக் கூடிவிடாது. எந்தக் கணினியில் பாதுகாப்பு நின்றுபோயிருக்கிறது என்பது உங்கள் கண்ணில் படுவதே உண்மையான பயன். தனித்தனி நிறுவலில், காலாவதி எச்சரிக்கை அந்தந்த ஊழியரின் திரையில் தோன்றும். அவர் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வார். எல்லாக் கணினிகளின் நிலையையும் ஒரே திரையில் காட்டும் கன்சோல் இருந்தால், ஒரு வாரமாக அப்டேட் பெறாத கணினி எது என்று காலையிலேயே பார்த்துவிடலாம். பாஸ்வேர்ட் இன்றி நிறுத்தவோ நீக்கவோ முடியாதபடியும் செய்யலாம். டேலியின் கோப்புகளைச் சோதிக்க வேண்டாம் என்ற விலக்கையும் நீங்களே ஒரே இடத்தில் வரையறுக்கலாம். இப்போது யாராவது டி டிரைவ் முழுவதையும் விலக்கில் போட்டிருந்தால், அதில் வந்து சேரும் எதுவும் சோதிக்கப்படாது.

பதில் 2

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் உடன் வருகிறது. ஊழியர்களின் அட்மின் உரிமையை (கணினியின் அமைப்புகளை மாற்றும் அதிகாரத்தை) எடுத்துவிட்டாலே அதை நிறுத்தும் சிக்கல் தீர்ந்துவிடும். புரோ பதிப்பாக இருந்தால் விண்டோஸ் அமைப்புகளை நிர்வகிக்கும் குரூப் பாலிசி வசதி வழியாகப் பெரும்பாலான அமைப்புகளைக் கட்டுப்படுத்தலாம். மேலும், எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுப்பதன் ஆபத்தை 2024 ஜூலை 19 அன்று பார்த்தோம்: கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் (அடிப்படை நிரல்கள் மட்டும் இயங்கும் நிலையில்) திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

பதில் 3

அட்மின் உரிமை பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதை முதலில் செய்யுங்கள். ஆனால் கிரவுட்ஸ்டிரைக் நிகழ்வு மைய நிர்வாகத்துக்கு எதிரான சான்றாகாது. அந்த அப்டேட் தயாரிப்பாளரிடமிருந்து நேராக வந்தது. ஒரு பதிப்பு பின்தங்கியே இருக்கும்படி அமைத்திருந்த நிறுவனங்களுக்கும் அந்த அமைப்பு உதவவில்லை. 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்டிவைரஸ், விண்டோஸ் எக்ஸ்பி இயங்கத் தேவையான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று கருதியபோதும் பிழை தயாரிப்பாளருடையதுதான். தானாக அப்டேட் பெறும் தனித்தனி நிறுவலுக்கும் இதே ஆபத்து உண்டு.

உங்கள் அளவுக்கு இணையவழிக் கன்சோல் போதும்; தனி சர்வர் வேண்டாம். கிளையன்ட் அலுவலகங்களுக்கு எடுத்துச் செல்லும் லேப்டாப்களும் அதில் தெரியும். வாரத்தில் ஓரிரு முறையாவது கன்சோலைத் திறந்து பார்க்கும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால் அந்தப் பணத்தை பேக்கப்புக்குச் செலவிடுவதே மேல்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பார்க்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன். சில கணினிகளில் ஹோம் பதிப்பு இருப்பதால் குரூப் பாலிசி வழி எங்களுக்கு ஒத்துவராது. பழைய ஆன்டிவைரஸை நீக்காமலேயே புதியதை நிறுவலாமா?

பதில் 3

கூடாது. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் சோதித்தால் டேலி இன்னும் மெதுவாகும். பழையதை அதன் தயாரிப்பாளர் தரும் நீக்கும் கருவியால் அகற்றி, ரீஸ்டார்ட் செய்த பிறகு புதியதை நிறுவுங்கள். முதலில் இரண்டு கணினிகளில் மட்டும் செய்து, ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கடி முடிந்ததும் மற்றவற்றைத் தொடுங்கள்.