பிரெக்சிட் நாட்களில் உங்களுக்கு நேர்ந்த வாக்குவாதங்கள்: அனுபவங்களைச் சொல்லுங்கள்

தொடங்கியவர், ஹாரோ, லண்டன்

அந்த வாக்குச்சீட்டை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மதுரையிலிருந்து வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. கையில் இந்தியப் பாஸ்போர்ட், வேலை விசா. ஆனாலும் 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் இருக்கலாமா, விலகலாமா என்று என்னையும் கேட்டார்கள். இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி வசித்தால் வாக்குண்டு. எதிர்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து நெதர்லாந்துக் குடியுரிமை பெற்றவர். அப்போதே பன்னிரண்டு ஆண்டுகளாக ஹாரோவில் இருந்தார், வரி கட்டினார். அவருக்கு வாக்கில்லை. ஐரோப்பிய நாட்டவரில் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது.

வாக்கெடுப்புக்கு முந்தைய ஞாயிறு, கோயிலில் அன்னதானம். ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸைக் கொன்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் எண்பதுகளில் அகதியாக வந்த ஐயா ஒருவர் உட்கார்ந்திருந்தார். "விலகத்தான் வேண்டும். நாங்கள் சிறையிருந்து, வழக்காடி, ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுங்கி இந்த நாட்டில் கால் ஊன்றினோம். இவர்கள் ஐரோப்பாவிலிருந்து டிக்கெட் எடுத்து வந்து இறங்கிவிடுகிறார்கள்" என்றார். நான் மறுத்தேன். குரல் உயர்ந்தது, எதிர்ப்பந்தி திரும்பிப் பார்த்தது.

சாம்பார் வாளியோடு வந்து நின்றவர் எதிர்வீட்டு அக்கா. "ஐயா, நானும் டிக்கெட் எடுத்து வந்தவள்தான். அதற்கு முன்பு என்ன பட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லையே" என்றார். ஐயா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை, ஜூன் 23, கொட்டும் மழை. கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று, "தம்பி, எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு வாருங்கள்" என்றார். நம் ஊர்போல் விரலில் மை கிடையாது. நூலில் கட்டிய பென்சில் ஒன்றுதான். இருக்க வேண்டும் என்ற கட்டத்தில் அழுத்திக் குறியிட்டேன். ஹாரோவில் 54.6 சதவீதம் பேர் அப்படித்தான் போட்டார்கள். நாடு முழுவதும் 51.9 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள். உங்களில் பலரும் வீட்டிலோ வேலையிடத்திலோ இப்படி ஒரு சண்டையைச் சந்தித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் எழுதுங்கள்.

பாஸ்டனில் இருந்தவர், லிங்கன்ஷயர்

நாட்டிலேயே மிக அதிகமாக விலகலுக்கு வாக்களித்த ஊரில் வேலை பார்த்தவன் நான். பாஸ்டனில் 75.6 சதவீதம். கோஸும் புரோக்கோலியும் விளையும் பூமி. அறுவடைக்கும் பொதிகட்டும் ஆலைகளுக்கும் போலந்து, லித்துவேனியா, லாட்வியா மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்திருந்தார்கள். வெஸ்ட் ஸ்ட்ரீட்டில் அவர்களுடைய கடைகள் வரிசையாக இருக்கும். வாடகை ஏறியது, மருத்துவரைப் பார்க்க நாள் கிடைப்பதில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னது பொய்யில்லை. நானும் அதே வரிசையில் நின்றவன். லண்டனில் இருந்துகொண்டு அவர்களை வெறுமனே இனவாதிகள் என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

அதற்காக நான் கண்டதை மறைக்கவும் மாட்டேன். பெட்ரோல் நிலையத்தில் இரவுப்பணி. அதிகாலை 4.40 வாக்கில் பிபிசி முடிவை அறிவித்தபோது கடையில் என்னைத் தவிர யாருமில்லை. ஆறு மணிக்கு வழக்கமாக வரும் ஒரு முதியவர் நாளிதழ் வாங்க வந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி. அவருக்குப் பின்னால் வயல்வேலை உடையில் ஒரு லித்துவேனியப் பெண், கையில் ரொட்டியும் பாலும். முதியவர் அவளைத் திரும்பிப் பார்த்து, "இனி மூட்டை கட்டலாம்" என்றார். அவளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். "உங்கள் கோஸை யார் வெட்டுவார்கள்?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, "நான் உன்னைச் சொல்லவில்லை. நீங்கள் காமன்வெல்த், எங்களவர்கள்" என்றார்.

எனக்கு அப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். அந்தப் பெண் பாலுக்குப் பணம் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அன்று மாலையே பள்ளிப் பையன்கள் இருவர் கடை வாசலில் நின்று என்னைப் பார்த்து, "நீ எப்போது கிளம்புகிறாய்?" என்று கத்தினார்கள். காமன்வெல்த் என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை.

உணவகக்காரர், லூட்டன்

நான் விலகலுக்கு வாக்களித்தவன். ஒளித்துப் பேசப் பழக்கமில்லை, அதனால் என் நியாயத்தை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

என் கடைக்குத் தோசைக்கல்லில் நிற்க ஆள் வேண்டும். ஊரிலிருந்து என் அக்கா மகனை அழைத்துவர முயன்றேன். பதினைந்து ஆண்டு அடுப்படி அனுபவம் உள்ளவன். சமையல்காரர் விசாவுக்கு அன்றைய விதி என்ன தெரியுமா? பார்சல் கொடுக்கும் கடைக்கு அந்த விசாவே கிடையாது. பார்சல் கொடுக்காமல் லூட்டனில் எந்த நம்மூர் உணவகம் பிழைக்கும்? அதேவேளை, இட்லிமாவைக் கண்ணால் பார்த்திராத ஓர் ஐரோப்பியர் ஒரு விண்ணப்பமும் இல்லாமல் நாளைக்கே வந்து வேலைக்குச் சேரலாம். இதில் நீதி எங்கே என்று கேட்டேன், இன்றும் கேட்கிறேன். விலகல் அணியின் அமைச்சர் ஒருவர், ஒன்றியத்தை விட்டு வந்தால் நம்மூர் உணவகங்களைக் காப்பாற்றலாம் என்று பிரசாரம் செய்தார். நம்பினேன். ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண்டு அனுப்புகிறோம் என்று விலகல் அணி தன் பஸ்ஸில் எழுதியதை நான் ஒருபோதும் நம்பவில்லை. அந்தக் கணக்கு மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று புள்ளிவிவர ஆணையமே சொல்லிவிட்டதே.

சண்டை என் மகனோடுதான். மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தவன், முடிவு வந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்தான். சனிக்கிழமை இரவு, கடை நிரம்பி வழிகிறது. பில் போடும் மேசைக்கு முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, "அப்பா, இருபத்தேழு நாடுகளில் வேலை தேடும் உரிமை எனக்கு இருந்தது. ஒரு சமையல்காரருக்காக அதைக் கொடுத்துவிட்டீர்கள்" என்றான். நானும் கத்தினேன். "அந்தச் சமையல்காரர் கையால் வந்த காசில்தான் நீ படிக்கிறாய்" என்றேன். நாலாம் மேசையில் குடும்பத்தோடு இருந்த ஆங்கிலேயர் ஒருவர் எழுந்து மகன் பக்கம் பேசினார். வாசலில் பார்சலுக்கு நின்றவர் என் பக்கம் பேசினார். கடையே இரண்டாகிவிட்டது. அடுப்பில் ஊத்தப்பம் கருகிய வாசனை வந்த பிறகுதான் எல்லாரும் அடங்கினோம். மகன் அதற்குப் பின் நான்கு மாதம் வீட்டுக்கு வரவில்லை.

2021 ஜனவரி முதல் ஐரோப்பியருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே விதி வந்தது. நான் கேட்ட சமநீதி. ஆனால் சம்பள வரம்பு ஆண்டுக்குக் குறைந்தது 25,600 பவுண்டு, ஆண்டுக்கு 624 பவுண்டு மருத்துவக் கட்டணம், வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுப்பதற்கான உரிமச் செலவு, வழக்கறிஞர் செலவு. கூட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டேன். 2024 ஏப்ரலில் பொதுவான வரம்பு 38,700 ஆகிவிட்டது. அக்கா மகன் இன்னும் திருச்சியில்தான் இருக்கிறான்.

மாணவராக இருந்தவர், கிளாஸ்கோ

ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் இருக்க வேண்டும் என்றார்கள். 32 உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றுகூட விலகலுக்குப் பெரும்பான்மை தரவில்லை. அதனால் எங்கள் விடுதியில் சண்டையே வேறு: இங்கிலாந்தை விட்டு நாம் விலகலாமா என்று. இரவு முழுக்கக் கதவைத் திறந்துவைத்து வாதிட்டோம். ஜெர்மன் மாணவி ஒருத்தி மட்டும் ஒன்றும் பேசாமல் எல்லாருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

நெதர்லாந்துக் குடியுரிமை உள்ளவர், குராய்டன்

லூட்டன் அண்ணாவுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. என் தம்பியும் விசா இல்லாமல் கொழும்பில் காத்துக் கிடந்தவன்தான். ஆனால் அண்ணா, உங்கள் அக்கா மகனுக்குத் திறக்காத கதவை எனக்கும் சாத்துவது எப்படி நீதியாகும்?

2016 மே 5 அன்று லண்டன் மேயர் தேர்தலில் நான் வாக்களித்தேன். ஒன்றியக் குடிமகள் என்ற உரிமையில். சரியாக ஏழு வாரம் கழித்து, அதே பள்ளிக்கூடம், அதே வாக்குச்சாவடி. என் கணவர் உள்ளே போனார். அவர் பிரிட்டிஷ் குடிமகன். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குடையோடு வெளியே நின்றேன். "அம்மா ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்டாள். ஆறு வயது. மழை விடட்டும் என்று பொய் சொன்னேன்.

பிறகு இங்கே தங்குவதற்கே விண்ணப்பிக்க வேண்டி வந்தது. 2019 வசந்தத்தில் செயலியில் பாஸ்போர்ட்டை வருடிப் பதிய வேண்டும். அப்போது ஆண்ட்ராய்டு போன்களில்தான் அது வேலை செய்தது. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் ஐபோன். மச்சாளின் போனை வாங்கிவந்து, சமையலறை மேசையில் பாஸ்போர்ட்டை வைத்து, போனை அதன்மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். மூன்றாவது முயற்சியில் ஒரு சிறிய ஒலி கேட்டது. அந்த ஒலியில் அழுதுவிட்டேன். பதினாறு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவள் நான். முடிவில் கிடைத்தது ஒரு மின்னஞ்சல். கையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டைகூடக் கிடையாது.

பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிக்கொள்ளலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். அகதியாக நின்ற என்னை முதலில் மனுஷியாக ஏற்றது நெதர்லாந்து. பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் அங்கே உறவு இருக்கிறது. இன்னொரு நாட்டுக் குடியுரிமை கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் இப்போதும் வாக்களிக்கிறேன். 2024 ஜூலையில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது மறுபடியும் வாசலில்தான் நின்றேன். மகளுக்கு இப்போது விவரம் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

உணவகக்காரர், லூட்டன்

தங்கச்சி, நேற்று இரவு படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. முன்பு எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன்.

அன்று என் கடையில் தந்தூரி அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் கோவாக்காரர். போர்ச்சுகல் பாஸ்போர்ட்டில் வந்தவர். கோவா ஒரு காலத்தில் போர்ச்சுகலிடம் இருந்ததால் அவர்களில் பலருக்கு அந்தக் குடியுரிமை கிடைக்கும். ஏழு ஆண்டுகள் என்னோடு இருந்தார். விண்ணப்பமே இல்லாமல் வந்துவிடுகிறார்கள் என்று நான் சொன்னேனே, அவரும் அப்படி வந்தவர்தான். எனக்கு அநீதி என்று நான் நினைத்தது உண்மை, அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முடிவு வந்த வெள்ளிக்கிழமை காலை நான் கடையைத் திறந்தபோது அவர் ஏற்கெனவே பின்வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வெங்காய மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தார். "நீங்கள் எதற்குப் போட்டீர்கள், முதலாளி?" என்று கேட்டார். நான் குளிர்பெட்டியைத் திறந்து பால் டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணி முடித்த பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை.