குளிர்ந்த ஏரியில் மூழ்குவதற்கு எந்த ரெகுலேட்டர் ஏற்றது?

திருவொற்றியூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஸ்கூபா கற்று, அங்கும் அந்தமானிலுமாக இதுவரை நாற்பது முறை மூழ்கியிருக்கிறேன். வேலை நிமித்தமாகச் செப்டம்பரில் தெற்கு ஜெர்மனிக்குச் செல்கிறேன். போடன் ஏரி அருகிலேயே இருப்பதால் வார இறுதிகளில் அங்கு மூழ்க ஆசை. என்னிடம் இருப்பது, சிலிண்டர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் பொருத்தி கொண்ட, சீல் செய்யப்படாத பிஸ்டன் வகை ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி). நம் கடலின் 28 டிகிரி வெப்பத்தில் அது ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. அதை விற்ற கடைக்காரர், எந்தத் தண்ணீருக்கும் அதுவே போதும் என்று உறுதியாகச் சொன்னார். அதை நம்பி எடுத்துச் செல்லலாமா, புதியது வாங்க வேண்டுமா?

ராயபுரம்_சர்வீஸ்:

தம்பி, கடைக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். உங்கள் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின், அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதியின், உடம்பைச் சுற்றிச் சிறு துளைகள் இருக்கும், பாருங்கள். அவற்றின் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து ஸ்பிரிங்கை நேரடியாகத் தொடுகிறது. இங்கே சர்வீஸுக்கு வரும் பிஸ்டன் ரெகுலேட்டர்களைப் பிரித்தால், அந்த ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையே உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். நம் கடலில் உப்பு படியும் அதே இடத்தில்தான் அங்கே பனிக்கட்டி படியும்.

சைக்கிள் ட்யூபின் வால்வைத் திறந்து காற்றை இறக்கினால் விரல் நுனி சில்லென்று ஆகுமல்லவா? சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டுமே கூடுதலான நிலைக்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் ஒரே மூச்சில் விரிவடையும்போது, அதே குளிர்ச்சி பல மடங்காகி, உலோகத்தைப் பூஜ்ஜியத்துக்கும் கீழே இழுத்துச் செல்கிறது. 28 டிகிரி நீர் அந்தக் குளிரை உடனுக்குடன் ஈடுகட்டிவிடும். 4 டிகிரி நீரால் அது முடியாது. ஸ்பிரிங்கைச் சுற்றிப் பனி இறுகினால் வால்வு மூட மறுக்கும், அழுத்தம் ஏறும், வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜ் தானாகவே காற்றைக் கொட்டத் தொடங்கும். கொட்டக் கொட்டக் குளிர் கூடும், குளிர் கூடக் கூட இன்னும் கொட்டும். சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

ஆகவே, பிஸ்டனுக்குப் பதிலாகச் சவ்வால் இயங்கி, நீர் உள்ளே புகாதபடி வெளிப்புறத்தில் இன்னொரு சவ்வு வைத்துச் சீல் செய்த டயாஃப்ரம் வகையைத் தேடுங்கள். அபெக்ஸ் எக்ஸ்டிஎக்ஸ்50, ஸ்கூபாபுரோ எம்கே17 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஐரோப்பியத் தரமான ஈ.என். 250, 10 டிகிரிக்குக் கீழுள்ள நீரையே குளிர்ந்த நீர் என்கிறது. அதற்குத் தேறியதா என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வடதிசை_முக்குளிப்பான்:

நான் தண்டையார்ப்பேட்டையில் வளர்ந்து, இப்போது நார்வேயில் இருப்பவன். அண்ணன் சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். கோடையில் அந்த ஏரியின் மேற்பரப்பு 20 டிகிரியைத் தாண்டினாலும் ஏமாந்துவிடாதீர்கள். நன்னீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி பெறுகிறது என்பதால் குளிர்ந்த நீர் அடியிலேயே தங்கிவிடுகிறது. மேலும் கடல்நீர் உறைய ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி வேண்டும், நன்னீர் பூஜ்ஜியத்திலேயே உறையும். ஆகவே ரெகுலேட்டருக்குக் கடலைவிட ஏரியே கடினமான இடம்.

பொருத்தி, வால்வுக்குள் திருகி மாட்டும் டின் வகையாக, அதிலும் 300 பார் அளவுடையதாக இருக்கட்டும். அது 232 பார் வால்விலும் பொருந்தும்; 232 பார் பொருத்தியோ 300 பார் வால்வில் இறுகாது. இரண்டு வால்வு கொண்ட சிலிண்டரில் இரண்டு தனித்தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மாட்டுவது அங்கு பரவலான வழக்கம். ஒன்று உறைந்து கொட்டினால் அதை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விடலாம். ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் தொங்கும் ஆக்டோபஸ் எனும் உபரி செகண்ட் ஸ்டேஜ் அந்த நேரத்தில் உதவாது.

எவ்வளவு நல்ல கருவியானாலும் பழக்கம் சரியில்லாவிட்டால் உறையும். என் முதல் குளிர்காலத்தில், படகுத்துறையில் நின்றபடி ஊர் வழக்கப்படி, காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பட்டனை நாலு முறை அழுத்தி, இரண்டு மூச்சும் இழுத்துப் பார்த்தேன். மூச்சிலிருந்த ஈரம் செகண்ட் ஸ்டேஜின் நெம்புகோலில் உறைந்து, நீரில் இறங்கும் முன்பே காற்று சீறத் தொடங்கியது. அன்று மூழ்கவே இல்லை. மீன்பாடி வண்டியில் வீடு திரும்பும் ஐஸ் போலக் கரையில் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் முதல் மூச்சைத் தண்ணீருக்குள்தான் இழுக்கிறேன். மூச்சிழுக்கும் அதே நொடியில், உடலை நனையவிடாத உடையான டிரைசூட்டுக்குக் காற்று நிரப்புவதில்லை.

எண்ணூர்_அலை:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. முதல் சில மாதங்கள் அங்கேயே வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இங்கு வாங்கிச் சென்றால், ஆண்டுதோறும் சர்வீஸ் செய்ய உதிரிப் பாகங்கள் அங்கு கிடைக்குமா, உத்தரவாதம் செல்லுமா என்ற தலைவலி வேறு.

திருவொற்றியூர்வாசி:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ராயபுரம் அண்ணன் சொன்ன துளைகள் அப்படியே இருக்கின்றன, உள்ளே உப்பும் தெரிகிறது. அதை இங்குள்ள கடலுக்கென்று வீட்டிலேயே வைத்துவிட்டு, அங்கு போனதும் முதலில் வாடகைக்கு எடுக்கிறேன். ஊர் திரும்பும் விடுமுறையில் இதை உங்களிடம் சர்வீஸுக்குக் கொண்டு வரலாமா அண்ணா?

ராயபுரம்_சர்வீஸ்:

விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம் தம்பி, கிளம்பும் முன்பே கொண்டு வாருங்கள். அந்த உப்பை ஓராண்டு அப்படியே விட்டால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியிருக்கும்.