அசிட்ரோம் போடுறவங்களுக்கு முட்டி வலிக்கு என்ன மாத்திரை குடுக்கலாம்?

மதுரைப்பொண்ணு:
அம்மாவுக்கு இதய வால்வு மாத்தியிருக்கு, ரத்தம் கட்டாம இருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை போடுறாங்க, இப்ப கொஞ்ச நாளா முட்டி வலி தாங்கல, மெடிக்கல்ல கேட்டா காம்பிஃப்ளாம் எடுத்துக் குடுக்கிறாங்க. குடுக்கலாமா?

மருந்துக்கடை செல்வம்:
வேண்டாம்மா. அதுல பாராசிட்டமால் கூட இபுப்ரோஃபனும் இருக்கு. இபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எல்லாமே வயித்துல புண்ணாக்கும், ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டையும் வேலை செய்ய விடாது, ஏற்கனவே ரத்தம் லேட்டா உறையுறவங்களுக்கு அங்க கசிய ஆரம்பிச்சா நிப்பாட்றது கஷ்டம். வோவரான், ஸீரோடால் பி எல்லாம் இதே வகைதான். வெறும் பாராசிட்டமால்னா ஓகே.

கீதாக்கா:
அதையும் இஷ்டத்துக்குப் போடாதீங்க சிஸ்டர். எப்பவாவது ஒரு டோலோ 650 பரவால்ல, ஆனா தினமும் 2 கிராம் கிட்ட சில நாள் தொடர்ந்து போட்டா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு லேட்டாகுதுன்னு காட்டுற டெஸ்ட் அளவு) ஏறிடும், மூணு மாத்திரையே 1950 மில்லிகிராம் வந்துருது பாருங்க. தொடர்ந்து தேவைப்பட்டா டாக்டர்ட்ட சொல்லி ஐஎன்ஆர் சீக்கிரமே பாத்துருங்க.

மதுரைப்பொண்ணு:
டைக்ளோ ஜெல் தடவலாமாண்ணா? முட்டி லேசா வீங்கியும் இருக்கு.

மருந்துக்கடை செல்வம்:
ஜெல் ரத்தத்துல கொஞ்சமாத்தான் கலக்கும், ஆனாலும் கேட்டுட்டுத் தடவுங்க. வீக்கம் இருக்குன்னு முதல்லயே சொல்லிருக்கணும்மா, அசிட்ரோம் போடுறவங்களுக்கு மூட்டுக்குள்ளயே ரத்தம் கசியலாம், இன்னைக்கே காட்டுங்க. மலம் தார் மாதிரி கருப்பா போனா நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. பயந்துட்டு அசிட்ரோம நீங்களா நிறுத்திறாதீங்க, வால்வுல ரத்தம் கட்டிரும்.

மதுரைப்பொண்ணு:
சரிண்ணா, இப்பவே கூட்டிட்டுப் போறேன். ஐஎன்ஆர் நோட்டையும் எடுத்துக்கிறேன்.