மறு: ஓடைத்தளம் கைமாறும்போது – 'இடம்பெயர்வு' வேண்டாம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் உதவிப் பக்கங்களில் மற்றதெல்லாம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரே ஒரு பக்கம்தான் இழுக்கிறது. வலையொலிகளை (பாட்காஸ்ட்) ஏற்றிவைத்து அவற்றின் ஓடையை (புது அத்தியாயங்களைச் செயலிகளுக்குச் சொல்லும் பட்டியல், ஆங்கிலத்தில் ஃபீடு) வெளியிட்டுத் தரும் சேவை ஒன்றை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டால், அங்கே நிகழ்ச்சி வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பக்கம் அது. ஆங்கில மூலத்தில் 'மைக்ரேஷன்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே பக்கத்தை ஓட்டிவிட்டார்கள். நமக்கு அது போதாது என்பது என் கட்சி. வந்த பரிந்துரைகளுக்குக் கீழேயே பதில் எழுதியிருக்கிறேன். மடல் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> முதலில் ஃபீடுக்கு ஓடையா ஊட்டமா என்று முடிவு செய்துவிடலாமே?

அதை மறுபடி கிளற வேண்டாம் ஐயா. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வந்த காலத்திலேயே செய்தியோடை என்று எழுதிப் பழகிவிட்டோம். ஊட்டம் என்றால் எனக்குச் சத்துமாவு டப்பாதான் கண்ணில் தெரிகிறது. ஓடையே இருக்கட்டும்.

> 'ஓடை இடம்பெயர்வு' மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. இதையே வைக்கலாம்.

இதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நண்பர் ஏற்கெனவே மறுப்புச் சொல்லியிருக்கிறார். இலங்கைத் தமிழில் இடம்பெயர்வு என்றால் போரில் வீட்டை விட்டு ஓடியதுதான். மென்பொருளின் மெனுவில் போகிற போக்கில் எதிர்ப்பட வேண்டிய சொல் அல்ல. அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஆனால் அதை விட்டாலும் இந்தச் சொல் சரிப்படாது. நடப்பது வெவ்வேறு காரியங்கள், எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். வலைப்பதிவுகளின் ஓடையை வெளியிட்டுத் தந்த ஃபீட்பர்னரை எடுத்துக்கொள்ளுங்கள், நம் குழுவில் பழைய பதிவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2004-இல் சிகாகோவில் தொடங்கியது. பதிவின் ஓரத்தில் இத்தனை வாசகர்கள் என்று காட்டிக்கொண்டிருந்த குட்டிப் பட்டையும், புதுப் பதிவை மின்னஞ்சலில் அனுப்பும் பெட்டியும் அவர்களுடையவைதான். 2007-இல் கூகுள் வாங்கியது. வாங்கியதால் அப்போது யாருடைய ஓடைக்கும் ஒன்றும் ஆகவில்லை, முகவரி அதேதான். சொந்தத் தளப்பெயரில் ஓடை வைத்துக்கொள்ள உதவும் மைபிராண்ட் என்ற வசதிக்கு அதுவரை காசு வாங்கிக்கொண்டிருந்தார்கள், அதைக்கூட இலவசமாக்கினார்கள்.

அப்புறம்தான் அடுத்த கட்டம் வந்தது. 2009 பிப்ரவரி முடிவதற்குள் எல்லோரும் கூகுள் கணக்குக்கு மாறிவிட வேண்டும் என்றார்கள். ஓடை முகவரியின் முதல் துண்டு 'ஃபீட்ஸ்' என்பதிலிருந்து 'ஃபீட்ஸ்2' ஆயிற்று. மாறியவர்கள் பலரும் வாசகர் எண்ணிக்கை திடீரென்று சரிந்துவிட்டதாகப் புலம்பினார்கள். 2012-இல் ஓடை விளம்பரங்களையும் ஏபிஐயையும் (மற்ற நிரல்கள் தகவல் எடுத்துக்கொள்ளும் வழி) நிறுத்தினார்கள். 2021-இல் மின்னஞ்சல் சந்தாவும் போயிற்று.

இதில் 2007-இல் நடந்தது வேறு, 2009-இல் நடந்தது வேறு. முதலாவதில் ஓடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவதில் அவர்தான் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டையும் இடம்பெயர்வு என்று எழுதினால், முதல் அறிவிப்பைப் பார்த்தவர் பதறிப்போய் வேண்டாத வேலையெல்லாம் செய்வார். இரண்டாவதைப் பார்த்தவர் 'இதுதான் போன தடவையே வந்ததே' என்று கடந்துவிடுவார்.

வலையொலியிலும் இதே கதைதான். ஆங்கர் என்ற வலையொலிச் சேவையை ஸ்பாட்டிஃபை 2019-இல் வாங்கியது. 2023-இல் சேவையின் பெயரையே மாற்றியது, 2024-இல் இன்னொரு முறை மாற்றியது. இரண்டு முறை பலகை மாறியபோதும் அங்கிருந்த ஓடைகளின் முகவரியில் ஆங்கர் டாட் எஃப்எம் அப்படியே இருந்தது. முதலாளி மாறலாம், பலகை மாறலாம், முகவரி மாறாமலே இருக்கலாம். கேட்பவரின் செயலிக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முகவரி மட்டும்தான்.

நம்மூரில் இதைப் புரியவைக்க ஏர்செல் போதும். 2006-இல் அது மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. எண் வைத்திருந்தவர்கள் யாரும் எதுவும் செய்யவில்லை, பாதிப் பேருக்குச் செய்தியே தெரியாது. 2018 பிப்ரவரியில் சிக்னல் படுத்தபோதுதான் ஊரே போர்ட் செய்ய ஓடியது. அங்கேயும் ஒரு சிக்கல்: வேறு நிறுவனத்துக்குப் போவதற்கான குறியீட்டைப் பழைய நிறுவனம்தான் தர வேண்டும், அதன் வலையமைப்போ விழுந்து கிடக்கிறது. ஓடைக்கும் இதே நிலைமைதான். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் வேலையைப் பழைய இடம்தான் செய்ய முடியும். அது மூடிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. போன் எண்ணுக்காவது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இருக்கிறது. ஓடைக்கு யாரும் இல்லை.

ஆகவே நம் சொல்லிலேயே 'இது தானாக நடந்தது', 'இதை நீங்கள் செய்ய வேண்டும்' என்ற வேறுபாடு தெரிய வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதுவே போதும். மாறுவது ஒன்று, மாற்றுவது ஒன்று. சேவை கைமாறுகிறது. நீங்கள் ஓடையை இடமாற்றுகிறீர்கள். ஒரு ற் கூடுவதிலேயே யார் தலையில் வேலை என்பது தெரிந்துவிடுகிறது.

> அப்படியானால் 'ஓடைக் கைமாற்று'? மூன்று எழுத்து மிச்சம்.

மிச்சம்தான். ஆனால் கைமாற்று என்றால் மாதக் கடைசியில் பக்கத்து வீட்டில் வாங்கும் ஐந்நூறு ரூபாய். வட்டியில்லாமல் திருப்பித் தர வேண்டியது. 'ம்' ஒன்று கூடிக் கைம்மாறு ஆகிவிட்டால் செய்த உதவிக்குப் பதிலுதவி. பெயர்ச்சொல்லாகச் சுருக்கப்போனால் இந்த இரண்டு குழியிலும் விழ வாய்ப்பு உண்டு. 'கைமாறுதல்' என்று வினை தெரிய நிற்கும்போது குழப்பம் இல்லை. 'அந்த மளிகைக்கடை கைமாறிடுச்சு' என்றால் அண்ணாச்சி கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார், கடை அதே இடத்தில்தான் இருக்கிறது என்று யாருக்கும் விளங்கும். நமக்கு வேண்டிய பொருளும் அதுவே.

இன்னொன்றும் உண்டு. கைமாறுவது ஓடை அல்ல. ஓடையும் நிகழ்ச்சியும் உங்களுடையவைதான், அவற்றை வைத்திருக்கும் இடத்துக்குத்தான் முதலாளி மாறியிருக்கிறார். நிகழ்ச்சியே கைமாறுவது தனிக் கதை. 'சீரியல்' என்ற ஆங்கில வலையொலியைத் தயாரித்த நிறுவனத்தை 2020-இல் நியூயார்க் டைம்ஸ் வாங்கியதே, அது அந்த வகை. அதற்கு 'நிகழ்ச்சி கைமாறுதல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

> சட்டப்படி சரியாக இருக்க 'உரிமை மாற்றம்' என்றே சொல்லலாமே. பத்திரங்களில் அப்படித்தான்.

பத்திரத்தில் சரி. வலையொலி வைத்திருப்பவருக்கு உரிமை என்றதும் பதிப்புரிமைதான் மனதில் வரும். 'உரிமை மாற்றம் நிகழ்ந்துள்ளது' என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், 'நான் பேசிய பேச்செல்லாம் இனி அவனுடையதா' என்று கேட்டு நமக்கு எழுதுவார். நியாயமான கேள்வியும்கூட. புதிய முதலாளி விதிமுறைகளைத் திருத்தும்போது அதில் எதை எழுதியிருக்கிறார் என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது வேறு பத்தி, வேறு தலைப்பு. தலைப்புச் சொல்லிலேயே அந்தப் பீதியைக் கிளப்பக் கூடாது.

> சரி, ஓடை கைமாறவில்லை. 'வழங்குநர் கைமாறுதல்' என்று போடுங்கள்.

முதலில் எனக்கும் அது பிடித்திருந்தது, சொல்லிப் பார்த்தபோது உறுத்தியது. வழங்குநர் உயர்திணை. 'உங்கள் வழங்குநர் கைமாறிவிட்டார்' என்றால் ஆளையே சந்தையில் விற்றதுபோல் இருக்கிறது. இங்கே அஃறிணைப் பெயர் வேண்டும். 'ஓடைத்தளம்' என்று முன்வைக்கிறேன். தளம் என்பதை இணையதளத்துக்கும் சேவைக்கும் ஏற்கெனவே புழங்குகிறோம், படிப்பவர் தடுமாற மாட்டார். 'ஓம்பகம்' என்று கோவை நண்பர் எழுதியது அழகான சொல், மறுக்கவில்லை. விருந்தோம்பலில் இருக்கிற ஓம்புதல்தான். ஆனால் பொத்தானைப் பார்ப்பவர் ஒருகணம்கூட நின்று யோசிக்கக் கூடாது.

அடுத்து, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் ரீடைரக்ட். 'திசைதிருப்பு' என்று ஒரு கோப்பில் இருக்கிறது. பேச்சைத் திசைதிருப்பினான், கவனத்தைத் திசைதிருப்பினான் என்று கெட்ட காரியத்துக்கே அதைப் பயன்படுத்துகிறோம். தமிழ் விக்கிப்பீடியாவில் 'வழிமாற்று' நன்றாக வேர்விட்டுவிட்டது, அதையே எடுத்துக்கொள்வோம். பழைய தளத்தின் சேவையகம் 302 என்ற எண்ணைத் தந்தால் அது தற்காலிக வழிமாற்று: செயலி ஒவ்வொரு முறையும் பழைய கதவைத் தட்டிவிட்டுத்தான் புதியதற்குப் போகும். 301 வந்தால் புதிய முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு பழையதை மறந்துவிட வேண்டும். இதற்கு 'நிரந்தர வழிமாற்று' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதில்தான் எனக்குச் சங்கடம். ஃபீட்பர்னரிலிருந்து ஓடையை நீக்கிக்கொண்டு வெளியேறினால் அவர்கள் தந்த நிரந்தர வழிமாற்றின் ஆயுள் 30 நாள். ஆப்பிள் குறைந்தது நான்கு வாரமாவது வைத்திருங்கள் என்கிறது. செயலி எல்லாம் அதற்குள் முகவரியைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பது கணக்கு. அந்த ஒரு மாதமும் திறக்கப்படாமல் கிடந்த செயலிக்கு அந்தக் கணக்கு தெரியாது. 'நிரந்தர' என்று படிப்பவர் இனிக் கவலை இல்லை என்று நினைத்துப் பழைய கணக்கை மூடிவிடுவார். 'முகவரி மாறிய வழிமாற்று' என்று நீட்டலாமா என்று யோசித்தேன், வாயில் நுழையவில்லை. ஆகவே 'நிலை வழிமாற்று' என்று வைத்து, பக்கத்திலேயே 'பழைய தளம் இயங்கும்வரை மட்டும்' என்று ஒரு வரி போடச் சொல்கிறேன். அந்த வரியை யாரும் வெட்டிவிடாதீர்கள்.

வழிமாற்று ஓடையைத்தான் அனுப்பும், ஒலிக்கோப்புகளை அல்ல என்பதையும் பக்கத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடைக்குள் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கோப்பின் முகவரி தனியாக இருக்கிறது. புதிய தளத்தில் கோப்புகளை இறக்கிக்கொள்ளாமல் ஓடையை மட்டும் மாற்றினால் பட்டியல் பளிச்சென்று தெரியும், எதை அழுத்தினாலும் சத்தம் வராது.

அந்தக் கோப்பு முகவரிக்கு முன்னால் எண்ணிக்கை பார்க்க ஒட்டும் துண்டுக்கு முன்னொட்டு என்ற இலக்கணச் சொல்லே அப்படியே பொருந்துகிறது. இதைச் சேர்க்கக் காரணம் சார்ட்டபிள். ஓடைத்தளமே அல்ல அது, எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிச் சொன்ன சேவை. 2022-இல் ஸ்பாட்டிஃபை வாங்கியது, 2024-இல் மூடியது. அதன் முன்னொட்டு ஆயிரத்தெட்டு ஓடைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒலிக்கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குப் போகும் வழி மூடப்போகிற ஒரு கடைக்குள் நுழைந்து போகிறது. எனவே எதுவும் கைமாறியதாகச் செய்தி வந்தால் முன்னொட்டையும் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று யாரும் கேட்டால், சேர்க்கலாம் என்பேன்.

ஜியுஐடி விஷயம் சுருக்கமாக. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் உள்ள அந்தக் குறி புதிய தளத்துக்குப் போனதும் மாறிவிட்டால், செயலி எல்லாப் பழைய அத்தியாயங்களையும் புதியவை என்று நினைத்து வரிசையாக இறக்கும். கேட்பவர் எரிச்சலில் சந்தாவை நீக்கிவிடுவார். 'தனித்த அடையாளங்காட்டி' என்பதை விட 'மாறாக்குறி' எனக்குப் பிடித்திருக்கிறது. செய்யக் கூடாததைப் பெயரே சொல்லிவிடுகிறது. லாக்ட் என்ற குறிச்சொல்லுக்கு 'ஓடைப்பூட்டு'. வேறொரு தளம் உங்கள் ஓடையைக் கேட்காமல் இழுத்துக்கொள்ளாமல் தடுப்பது, நீங்களே இடமாற்றும்போது திறந்துவிட வேண்டியது. இதில் யாருக்கும் தகராறு இருக்காது.

அறிவிப்புகளை இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்:

'உங்கள் ஓடைத்தளம் கைமாறியுள்ளது. ஓடை முகவரி மாறவில்லை. நீங்கள் இப்போது எதையும் மாற்ற வேண்டியதில்லை.'

'உங்கள் ஓடை முகவரி மாறுகிறது. பழைய முகவரியிலிருந்து நிலை வழிமாற்று இந்தத் தேதி வரை இருக்கும்.'

'ஓடையை வேறு தளத்துக்கு இடமாற்று.'

முதலிரண்டும் செய்தி, மூன்றாவது பொத்தான். இரண்டாவதில் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். காலியாக விட்டால் சேமிக்கவே முடியாதபடி செய்ய நிரலாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.

சொந்தத் தளப்பெயரில் ஓடை வைத்திருப்பவருக்கு வழிமாற்றே தேவைப்படாது. யார் வாங்கினாலும் விற்றாலும் பெயரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட்டால் முகவரிக் கவலை முடிந்தது. ஆகவே அதைப் பக்கத்தின் அடியில் இருந்து எடுத்து முதல் பத்தியில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். இலவசத் திட்டங்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது என்பதையும் கூடவே சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் படிப்பவர் அமைப்புகளில் தேடிக்கொண்டே இருப்பார்.

'ஓடைத்தளம்' பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை இரவு சொற்கோப்பில் ஏற்றுகிறேன். 'நிலை வழிமாற்று' எனக்கே முழுத் திருப்தி இல்லை, நல்லது கிடைத்தால் உடனே மாற்றிவிடலாம்.

அன்புடன்,
தமிழாக்க ஒருங்கிணைப்பாளர்