திதிகாகா ஏரித் தீவுகளில் தங்குவது குறித்து வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பெரு நாட்டின் பூனோ நகரிலிருந்து படகில் சென்று, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள திதிகாகா ஏரியின் அமந்தானி, தக்கீலே தீவுகளில் அம்மாவுடன் தங்க எண்ணியுள்ளேன். அடியில் உள்ள தொத்தோரா நாணல் அழுக அழுக, மேலே புதிதாகப் பரப்பி ஊரோஸ் மக்கள் காத்துவரும் மிதக்கும் தீவுகளையும், ஆண்களே குல்லாய் பின்னும் தக்கீலேயின் கைவேலையையும் (2005இல் யுனெஸ்கோ சிறப்பித்த கலை அது) அவசரமின்றிக் காண வேண்டும். அரைநாளில் வேடிக்கை பார்த்துத் திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

அமந்தானியில் கெச்சுவா பேசும் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்கலாம் என்பதால், நாம் கொடுக்கும் பணம் இடைத்தரகரிடம் நின்றுவிடாமல் அவர்கள் கைக்கே போய்ச்சேர என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? அரிசி, சர்க்கரை கொண்டுபோய்க் கொடுப்பது முறையாகுமா? உயரத்தால் வரும் தலைவலியும் மூச்சிரைப்பும் அம்மாவை வாட்டாதிருக்க, முன்னதாகப் பூனோவில் எத்தனை நாள் தங்குவது நல்லது? சென்று வந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.